மூன்று வட்டமும் ஒரு புள்ளிக்கோடும்

பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் கலந்தால்தான் டிஜிட்டல் பாடம் உருப்படும் என்று புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் எழுதினர். அந்த மூன்றையும் ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களாக பி.எட். மாணவர்கள் காம்பஸ் வைத்துப் பதிவேட்டில் அழகாக வரைந்துவிடுவார்கள். வகுப்பறையில்தான் பிணக்கு. ‘ஒளிச்சேர்க்கை’ என்ற தலைப்பு நான்கு சுற்றுச் சுற்றித் திரையில் வந்து உட்காரும். அடுத்த ஸ்லைடில் பாடநூல் பத்தி அப்படியே இருக்கும். அதை ஆசிரியர் திரையைப் பார்த்து வாசிப்பார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அதே பாடத்தைச் சத்தமில்லாமல் நடத்திக்கொண்டிருக்கும். வட்டங்களைச் சுற்றிச் ‘சூழல்’ என்றொரு புள்ளிக்கோடும் பின்னர் சேர்ந்தது. மின்வெட்டு, பொருந்தாத கேபிள், கடவுச்சொல் தெரிந்தவர் விடுப்பில் போவது எல்லாம் அதற்குள் அடக்கம். பதிவேட்டில் பெரும்பாலும் விடுபடுவது அந்தக் கோடுதான்.