டாக்கரில் நான் விற்காத அரிசி

ஆப்பிரிக்காவில் வியாபாரம் பண்ணக் காரைக்கால்காரனுக்குத் தனித் தகுதி உண்டு என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நடுநடுவே இங்கிலீஷ்காரன் வந்து போனதைத் தள்ளிவிட்டால், 1739 முதல் 1954 வரை எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில். செனகலும் 1960 வரை அவன் கையில்தான். ஒரே முதலாளியிடம் கைகட்டி நின்ற இரண்டு பேர் பேசிக்கொள்ள என்ன கஷ்டம்? காரைக்கால் அம்மையாரின் கணவர் பரமதத்தனே கப்பலேறிய வணிகர்தானே. அவர் மனைவிக்குப் பயந்து ஏறினார் என்பது வேறு விஷயம்.

போதாததற்கு எனக்குப் பிரெஞ்சு தெரியும். பிரான்ஸ் பென்ஷன் வாங்கிய சொல்தா தாத்தா ஒருவர் தெருத் திண்ணையில் சொல்லிக்கொடுத்தது. பட்டாளத்தில் காதில் விழுந்ததையே கற்றுக்கொடுத்தார்: எழு, நட, கணக்குச் சொல். அந்தப் பிரெஞ்சில் யாரையும் நலம் விசாரிக்க முடியாது என்பது செனகல் தலைநகர் டாக்கரில் ஒரு மொத்த வியாபாரியின் எதிரே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அவர் என் உடம்பை விசாரித்தார், பயணத்தை, பிள்ளைகளை, அம்மாவை விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, டன் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்றேன். அவர் பொறுமையாக மறுபடி அம்மாவிடம் போனார்.

மூட்டையைப் பிரித்தேன். டெல்டாக்காரன் அரிசி காட்டும்போது முகத்தில் ஒரு களை வருமே, அதோடு. பழைய பொன்னி, சார்டெக்ஸ் போட்டது, குருணை ஒன்றுகூடக் கண்ணில் படாது. அவர் உள்ளங்கையில் கொட்டி விரலால் தள்ளிப் பார்த்து, “உடைந்ததே இல்லையே” என்றார். நான் நன்றி சொன்னேன். அது புகார்.

இந்தோசீன ஆலைகளில் மிஞ்சிய குருணையைப் பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் கப்பலாக செனகலில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். மலிவுச் சரக்காக வந்தது நாளடைவில் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவர்களுடைய செபுஜென் என்ற மீன் சோற்றுக்குக் குருணைதான் வேண்டும். தக்காளியும் மீனும் கொதித்த சாற்றை அதுதான் நன்றாக இழுக்கும். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய சமையல் அது. எங்கள் வீட்டில் குருணையைக் கோழிக்குப் போடுவோம், மிஞ்சினால் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி.

இதில் மானம் போகிற சேதி ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி செனகல் ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வேலம்பிசின் விற்ற மூர்கள் அதைக் காசு மாதிரியே புழங்கினார்கள். ஐரோப்பிய ஆலைகள் அதே நீலத்தில் போலிச் சரக்கு நெய்து அனுப்பியபோது, முகர்ந்து பார்த்து, தடவிப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். கடலே தாண்டாத சாயக்காரருக்கு வாங்குகிறவன் மூக்கு தெரிந்திருந்தது. விமானம் ஏறிப்போன எனக்கு அவன் நாக்கு தெரியவில்லை.

விற்காத வருத்தம் வேறு, பசி வேறு. மதியம் அந்தச் செபுஜென்னையே பெரிய தாம்பாளத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். நடுவில் நம்மூர் கலவா ஜாதி மீன். நான் கடற்கரைக்காரன், கை நேரே மீன் தலைக்குப் போயிற்று. பக்கத்திலிருந்த பையன் சிரித்துவிட்டான். அவரவருக்கு எதிரே இருக்கிற சோற்றைத்தான் தொட வேண்டும், மீனை வீட்டார் பிட்டுப் பிட்டு நம் பக்கம் தள்ளுவார்கள். காரைக்கால் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் ஒரே தட்டில் சேர்ந்து உண்ணும் சஹன் சோறு வைக்கும்போதெல்லாம் தனித்தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஆள் நான்.

பிறகு தேநீர். அத்தாயா என்கிறார்கள். சின்னக் கண்ணாடி டம்ளரில் நுரை வர ஆற்றி ஆற்றி, மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், போகப்போக இனிப்பு ஏறும், பேச்சும் அதோடு கனியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊர் பாரதியார் சாலை டீக்கடை. முதல் டம்ளரை ஒரே மடக்கில் முடித்து எழுந்துவிட்டேன்.

கிளம்பும்போது அவர் இடது கையை நீட்டினார். சுரீரென்றது. கையைப் பையில் விட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். தூரப் பயணம் போகிறவருக்கு வேண்டுமென்றே இடது கை கொடுப்பார்களாம். தப்பாகக் கொடுத்ததைச் சரிபண்ண அவர் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று கணக்கு. விடுதிக்காரர் சொன்னபோது எனக்கு டாக்ஸி வந்து நின்றுவிட்டது.

பிறகு ஒரு தடவை டாக்கருக்குத் திரும்பிப் போனேன், சரியாக மகால் என்ற யாத்திரை நாளில். சூஃபி ஞானி அமது பாம்பாவைப் பிரெஞ்சுக்காரர்கள் 1895-இல் கபோனுக்கு நாடு கடத்தியதை நினைத்து, சஃபர் மாதம் 18-ஆம் நாள் ஊரே தூபா நகருக்குக் கிளம்பிவிடுகிறது. பூட்டிய கடை வாசலில் நின்றேன். நாகூர் கந்தூரிக்குப் பக்கத்தூர்க்காரன் காலண்டர் பார்க்காமல் டிக்கெட் போட்டதை என்னவென்று சொல்ல?

ஒருவழியாகக் குருணைக்கு விலை பேசி முடிக்கிற நேரத்தில், 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. 2025 மார்ச்சில் நீக்கியதும் போன் போட்டேன். அவர் வேறு நாட்டுச் சரக்குக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. எல்லாம் அந்தத் தடையால் வந்த வினை. வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.