கல்லாய்ச் சமைவது சுலபமா?

கேள்வி: பூமியில் எத்தனையோ கோடி உயிர்கள் செத்திருக்கின்றன. எல்லாமே ஏன் புதைபடிவம் ஆகவில்லை?

பதில்: செத்தால் மட்டும் போதுமா? முதலில் உடம்பில் ஓடோ எலும்போ பல்லோ, மரமானால் கட்டையோ இருக்க வேண்டும். மண்புழுவுக்கும் ஜெல்லி மீனுக்கும் பெரும்பாலும் இங்கேயே சீட்டுக் கிழிந்துவிடும். அடுத்து, நரியும் கழுகும் பாக்டீரியாவும் பந்தியில் உட்காருமுன் சேறோ மணலோ எரிமலைச் சாம்பலோ மூடிவிட வேண்டும். மேட்டுக்காட்டில் சாகிறவர்களுக்கு அந்த யோகம் குறைவு. ஆற்று முகத்துவாரத்திலும் ஆழமில்லாத கடலிலும் சாகிறவர்களுக்கு அதிகம்.

பிறகு, நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்காவும் கால்சைட்டும் நுண்துளைகளில் புகுந்து மெல்ல மெல்லக் கல்லாக்க வேண்டும். அந்தக் கல்லையும் பூமி நசுக்காமல், உருக்காமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் காப்பாற்றி, பார்க்க ஆள் இருக்கும் காலத்தில் வெளியே தள்ள வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் இத்தனையும் தாண்டி வந்தது. டைனோசர் காலத்தில் கடல் வண்டலில் புதைந்த மரம் அது.

பக்கத்து அரியலூரில் கிடக்கும் அம்மோனைட்டு என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரிகளின் புதைபடிவங்களுக்கு இன்னொரு கண்டமும் உண்டு: சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து சிமென்ட் மூட்டைக்குள் போய்விடாமல் இருக்க வேண்டும்!