முதல் வாரமே முதல் பக்கம்!

கேள்வி: வேலையில் சேர்ந்த கையோடு உலகையே உலுக்கும் செய்தியைப் பிடித்த நிருபர் உண்டா?

பதில்: உண்டு, கிளேர் ஹோலிங்வொர்த்! 1939 ஆகஸ்டில் லண்டனின் ‘டெய்லி டெலிகிராப்’ நாளிதழில் சேர்ந்தபோது வயது 27. ஒரு வாரம்கூட ஆகவில்லை. போலந்தின் கட்டோவிட்சே நகரில் பிரிட்டிஷ் தூதரகக் காரை இரவல் வாங்கிக்கொண்டு, எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் போய்விட்டார். சாலையோரம் நெடுகச் சாக்குத் திரைகள். பலத்த காற்றில் ஒரு திரை விலக, பள்ளத்தில் வரிசைகட்டி நின்றன ஹிட்லரின் டாங்கிகள்! ஆகஸ்ட் 29-ல் செய்தி வந்தது, அவர் பெயர் இல்லாமலே.

செப்டம்பர் 1 விடியலில் போர் மூண்டது. வார்சாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி நம்பவில்லை. கிளேர் டெலிபோன் ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். மிச்சத்தை குண்டுகளே சொல்லிவிட்டன!

1963-ல் பெய்ரூட்டில் உளவாளி கிம் ஃபில்பி மாயமானபோது, அவர் சோவியத் கப்பலில் தப்பியிருப்பார் என்று துப்புத் துலக்கியவரும் இவரே. அவதூறு வழக்குக்கு அஞ்சி, அப்போது அவர் பணியாற்றிய ‘கார்டியன்’ நாளிதழ் அதை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டது. அஞ்சியிருக்கவே வேண்டாம், செய்தி நிஜம்.

பிறகு பெய்ஜிங்கில் நிருபர் பணி. மாவோவையும் அவரது எதிரிகளையும் பற்றி ஒரு நூல், அடுத்துத் தன்வரலாறு. 2017-ல் ஹாங்காங்கில் காலமானபோது வயது 105.