தனக்குத்தானே எம்சி கொடுத்துக்கொள்வது எப்படி? செராஸ் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சொந்தத் தொழில் செய்பவர்கள் ஓய்வே எடுப்பதில்லை என்று செராஸ் வட்டாரத்தில் ஒரு கருத்து நிலவுகிறது. இவ்வாய்வாளர் அதை மறுக்கிறார். எடுக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் பழியை வேறு எதன் மீதாவது போட முடிந்தால் மட்டும்.

முதலில் சட்டம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், 59ஆம் பிரிவில், வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு தருகிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கும் ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு, 14 நாள் எம்சி எனப்படும் மருத்துவ விடுப்பு. ஐந்தாண்டு கடந்தவருக்கு 16, 22. ஆனால் இதற்கெல்லாம் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என இருவர் வேண்டும். தாமான் மிடாவில் இரவு பத்து மணிக்கு ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும் அக்காவைக் கவனித்தால் இருவரும் தென்படுவார்கள். தொழிலாளி இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். முதலாளியான தவுக்கே, “இன்னும் ரெண்டுதானே, முடிச்சிட்டுப் படு” என்கிறார். இடுப்பு என்னவோ ஒன்றுதான்.

2017இல் வந்த சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடுப்பைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சந்தா கட்டியவர் தொழிலில் விபத்துக்குள்ளாகி, மருத்துவர் நாலு நாளுக்குக் குறையாமல் எம்சி எழுதினால் உதவித்தொகை உண்டு. நல்ல ஏற்பாடு, இன்னும் சேராதவர்கள் சேரலாம். எனினும் ஏணியிலிருந்து விழுந்தவருக்குத்தான் அது. ஏணியில் ஏறவே அலுப்பாக இருக்கிறது என்பவருக்கு அதில் பிரிவு இல்லை.

அடுத்து புவியியல், இதுவே ஆய்வின் சிக்கலான பகுதி. செராசின் ஒரு பாதி கோலாலம்பூரில் இருக்கிறது, மறு பாதி சிலாங்கூரில். தாமான் கொனாட்டில் எம்ஆர்டி ஏறி பத்து 11 செராசில் இறங்கினால் எல்லை தாண்டியாகிவிட்டது. கூட்டரசுப் பிரதேச தினமான பிப்ரவரி 1 இந்தப் பக்கத்துக்கு விடுமுறை. சிலாங்கூர் சுல்தானின் பிறந்த நாளான டிசம்பர் 11 அந்தப் பக்கத்துக்கு. எனவே எல்லையோரம் குடியிருந்து சொந்தத் தொழில் செய்பவர் இரண்டையும் அனுபவிக்கலாம் என்பது கோட்பாடு. கள நிலவரம் வேறு. பிப்ரவரி 1 அன்று கிராப் ஓட்டுநர், அந்தப் பக்கத்து ஆள்கள் வேலைக்குப் போவார்களே என்று வண்டியை எடுக்கிறார். டிசம்பர் 11 அன்று இந்தப் பக்கத்து ஆள்களுக்காக எடுக்கிறார்.

அவர் ஓய்வெடுக்கும் நாள் ஒன்று உண்டு. அது காருக்கு சர்வீஸ் செய்யும் நாள். ஒர்க்‌ஷாப்பின் பிளாஸ்டிக் நாற்காலியில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை, ஏனென்றால் களைத்தது கார். கேட்டரிங் அண்ணனுக்கு அனுமதி தருவது குழாய். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆறு மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. ஊரே வாளி தூக்கிய நேரத்தில், சமைக்க வழியில்லை என்று நிம்மதியாகப் படுத்த சமையற்காரர்களும் இருந்திருப்பார்கள் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. மற்றபடி தைப்பூசம். மத்தியானம் அரை மணி நேரம் சாயச் சொன்னால் “வேலை கிடக்குதே” என்பவர், துன் எச். எஸ். லீ சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை வெள்ளி ரதத்தின் பின்னால் இரவெல்லாம் நடக்கிறார். கேட்டால், லீவு என்கிறார்.

கிளினிக்கில் நடப்பதையும் பதிவு செய்ய வேண்டும். காய்ச்சலோடு போனவரிடம் மருத்துவர், “எம்சி வேணுமா?” என்று கேட்கிறார். “வேணாம் டாக்டர், சொந்தத் தொழில்.” மருந்தை வாங்கிக்கொண்டு நேரே வேலைக்குப் போகிறார். சம்பளக்காரர் அதே காய்ச்சலுக்கு ரெண்டு நாள் தூங்குகிறார். ஆக, குறைவது நேரமன்று, தாள்தான் என முடிவு செய்து, எம்சியைக் கேட்டு வாங்கி வீட்டுத் தவுக்கேயிடம் முறைப்படி ஒப்படைக்குமாறு தாமான் மிடா அக்காவுக்கு இவ்வாய்வாளர் பரிந்துரைத்தார். அக்கா மறுக்காமல் வாங்கினார். மறுநாள் அந்தத் தாள் தையல் மெஷின் மேல் இருந்தது. பின்பக்கத்தில் கல்யாணப் பெண் ஒருத்தியின் ரவிக்கை அளவு, அடியில் “வெள்ளிக்கிழமை அவசரம்” என்று இரண்டு கோடு.