எச்சில் பேதம் பாராத எங்கள் டாக்டர்

டாக்டர், முதலில் உங்கள் வரவேற்பறைக்கு ஒரு கும்பிடு. நுழைந்ததும் கண்ணில் படும் அந்தப் பலகையில் என்னதான் இல்லை! வாய்க்குள் விட்டுப் படம் பிடிக்கும் ஸ்கேனர், கம்பி கட்டாமல் பல்லை வரிசைப்படுத்தும் அலைனர், ஒரே நாளில் கேப் செதுக்கித் தரும் மெஷின், ஈறுக்கு லேசர். அளவெடுக்க வாய் நிறையப் பசையை அப்பிக்கொண்டு, குமட்டலை அடக்கியபடி உட்கார்ந்திருந்த காலத்தை ஒழித்தவர் நீங்கள். இதற்கெல்லாம் வாங்கிய வங்கிக் கடனை நாங்கள் ரூட் கெனால் ரூட் கெனாலாக அடைத்து வருவதில் எங்களுக்கும் பெருமைதான்.

இவ்வளவு செலவழித்தவர் எங்காவது மிச்சம் பிடித்துத்தானே ஆக வேண்டும்? எங்கே பிடிக்கிறீர்கள் என்று கவனித்தேன். அசந்து போனேன்.

நாங்கள் எச்சில் பார்க்கிற ஜனம். கூடப் பிறந்தவன் குடித்த சொம்பில்கூட உதடு படாமல் அண்ணாந்து குடித்தே பழகியவர்கள். எங்களையெல்லாம் ஒரே நாற்காலியில் சமபந்தி உட்கார வைத்துவிட்டீர்கள். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் சுழன்று நிற்கிற நொடியில் வாயிலிருக்கும் எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். ஸ்பிரிட் பஞ்சால் வெளியே துடைத்தால் உள்ளே போனது போய்விடாது. அடுத்தவர் வாயில் இறங்கும். அதனால் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஹேண்ட்பீஸைக் கழற்றி வெப்பத்தில் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003-இல் எழுதி வைத்தது. அந்த ஊரில் சமத்துவ உணர்ச்சி கம்மி போலிருக்கிறது. நீங்களோ கடை திறந்ததிலிருந்து சாத்துகிறவரை ஒரே ஹேண்ட்பீஸில் சாதி, மதம், வயது, மஞ்சள் காமாலை என்று எந்த வித்தியாசமும் பார்ப்பதில்லை.

கையுறை விஷயத்திலும் உங்களைக் குறை சொல்ல நாக்கு வராது. ஒருநாளும் வெறுங்கையோடு என் வாயைத் தொட்டதில்லை. அதே கையுறையோடு செல்போனை எடுத்துப் பேசினீர்கள், இழுப்பறையைத் திறந்தீர்கள், விளக்கைத் திருப்பினீர்கள், மறுபடியும் என் கடைவாய்க்கு வந்தீர்கள். உங்கள் கை கடைசிவரை சுத்தமாகவே இருந்தது.

அப்புறம் அந்த நீல விளக்குப் பெட்டி. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கருவிகள் மினுங்கும் அழகுக்கே தனியாக ஒரு கட்டணம் வாங்கலாம். புற ஊதா ஒளி நேராகப் படுகிற இடத்தில்தான் வேலை செய்யும். கருவியின் அடிப்பக்கத்துக்கும் இடுக்குக்கும் எட்டாது. அது ஏற்கெனவே கிருமிநீக்கம் செய்ததை எடுத்து வைக்கிற அலமாரி மட்டும்தான் என்று சில ரசனையற்றவர்கள் சொல்லித் திரிகிறார்கள். உங்களிடம் ஆட்டோகிளேவ் இல்லாமலா போய்விட்டது? இருக்கிறது, கூரியர் பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு. 121 டிகிரியில் கால் மணி நேரமோ, 134 டிகிரியில் 3 நிமிடமோ நீராவியில் வைத்தால் போதும். ஆனால் சூடேறவும் காயவும் ஆகிற நேரத்தில் இரண்டு பேருக்குப் பல் பிடுங்கிவிடலாமே! உங்கள் கணக்கு தப்பாது. கருவி கழுவுகிற, பில் போடுகிற, ஊசியை எடுத்துக் குப்பையில் போடுகிற அந்தத் தங்கச்சிக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாததும் அதே கணக்கில்தான் வரும்.

நாற்காலியைச் சொல்ல மறந்தேனே! படுத்தால் தலைக்கு மேல் டிவி. நாற்காலியின் மெல்லிய குழாய்களில் இரவெல்லாம் தேங்குகிற தண்ணீரில் கிருமிகள் படலம் கட்டும். காலையில் திறந்துவிட வேண்டும், ஒவ்வொருவருக்கும் இடையில் 20, 30 விநாடி ஓடவிட வேண்டும், மருந்து போட்டுக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். 2011-இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் லீஜியனெல்லா கிருமியால் இறந்தபோது, அது வந்த வழி பல் மருத்துவமனைத் தண்ணீர்க் குழாய்தான் என்று கண்டுபிடித்தார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்த நமக்கு 30 விநாடித் தண்ணீரை வீணாக்க மனசு வருமா?

இத்தாலி தூரம் என்பீர்கள். வாணியம்பாடி தூரமில்லை. 2022-23-இல் வட தமிழ்நாட்டில் 21 பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற தொற்று மூளையைத் தாக்கியது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து துப்புத் துலக்கிய ஆய்வு, 2025-இல் லான்செட் குழுமத்தின் இதழொன்றில் வந்தது. ஈறை எலும்பிலிருந்து நெம்பிப் பிரிக்கும் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்து, ஒழுங்காக மூடாமல் வைத்து, அதையே அடுத்தடுத்தவர்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும், இந்தத் தொற்றைத் தருகிற பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி அந்தப் பாட்டிலில் இருந்தது. முக நரம்புகள் வழியாக அது மூளைக்கு ஏறியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஒரு பாட்டில் சலைனின் விலை ஒரு மதியச் சாப்பாட்டுக்கும் கீழே.

இந்தச் செய்தி பேப்பரில் வந்த பிறகும் கலங்காமல், நேற்று திறந்த பாட்டிலை இன்றும் மேசைமேல் வைத்திருக்கும் உங்கள் மனத்திடத்தை எந்தப் பட்டத்தால் பாராட்டுவது?

புதுச் சரக்கும் உங்கள் கைக்கு வந்தால் பழைய பண்பாட்டைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. ஸ்கேனரின் முனையை ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும். சில முனைகள் ஒருமுறையோடு சரி, சிலவற்றை இத்தனை தடவைதான் ஆட்டோகிளேவில் போடலாம் என்று கம்பெனியே எல்லை போட்டிருக்கும். எல்லைகளை நீங்கள் ஏற்பதில்லை. டிஷ்யூ பேப்பரால் ஒரு துடைப்பு, அடுத்த வாய். லட்ச லட்சமாகக் கொட்டி வாங்கிய கருவி, எச்சிலைக் கடத்துவதில் பழைய வாய்க்கண்ணாடிக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை.

பாராட்டுப் பத்திரத்தின் கடைசியில் கோரிக்கை வைப்பது ஊர் வழக்கம். ஆட்டோகிளேவ் மேலிருக்கும் பெட்டிகளை இறக்குங்கள். எளிதில் சூட்டுக்குச் சாகாத கிருமி வித்துகள் தடவிய பட்டை ஒன்று விற்கிறது. வாரம் ஒருமுறை அதை உள்ளே வைத்து, வித்துகள் செத்தனவா என்று பாருங்கள். அந்த முடிவை ஸ்கேனர் பலகைக்குப் பக்கத்தில் தேதியோடு ஒட்டுங்கள். அடுத்த வாரம் என் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது கருவிப் பையை என் கண்ணெதிரே பிரியுங்கள், சலைன் பாட்டிலையும் புதிதாகத் திறங்கள். அதற்கான காசை பில்லில் தனியாகப் போட்டாலும் பேரம் பேசாமல் தருகிறேன்.