கண்ணாடியில் எலும்பு முளைக்குமா?

கேள்வி: கண்ணாடித் துண்டை உப்புநீரில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் காவல் இருக்கிறார்களே, இதெல்லாம் ஆராய்ச்சியா?
– பல் மருத்துவ மாணவி, பேராதனை

பதில்: ஜன்னல் கண்ணாடி என்றால் நீங்கள் சிரிக்கலாம். இது 1969இல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் உருக்கிய வகை. சிலிக்கா 45 சதவீதம்தான். மிச்சம் சோடியம், கல்சியம், பொஸ்பரஸ் ஒட்சைட்டுகள். ஊறுவதும் வெறும் உப்புநீரல்ல. கியோட்டோப் பேராசிரியர் கொக்குபோ வகுத்த, குருதிநீரின் அயன்களை ஒத்த கரைசல். உடற்சூட்டில், பிஎச் 7.4இல் வைப்பார்கள். சோடியம் கழன்றோட, மேலே சிலிக்கா ஜெல் உருவாகும். அதன்மேல் கல்சியமும் பொஸ்பேற்றும் படிந்து அப்பற்றைற்றுப் படிகமாகும். நம் எலும்புக்கும் அதே குடும்பம்தான். (எப்பாவல உரப்பாறையும் தூரத்துச் சொந்தம்!) ஆனால், படலம் வந்ததுமே ‘உடல் ஏற்கும்’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். அந்தப் போத்தலில் உயிரணுவும் இல்லை, புரதமும் இல்லை.