பிளாஸ்டிக் நாற்காலியின் நான்கு கால்கள்: பழவேற்காட்டு மீன்கடை முற்றம் குறித்த ஆய்வுரை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன் வறுக்கும் கடைக்காரர், தம் வாசலுக்கு வெளியே, அதாவது சர்க்கார் புறம்போக்கில், நாற்காலி போட அனுமதி பெறுவது எங்ஙனம் என்பதை அறிஞர் உலகம் இதுகாறும் ஆராயவில்லை. ஒல்லாந்தர் கல்லறை, பூநாரை, இறால் எல்லாம் ஆய்வேடு கண்டுவிட்டன. அவ்வாய்வேடுகளுக்காகக் களப்பணிக்கு வந்தோர் உட்கார்ந்து நண்டு உடைத்த நாற்காலிக்கு மட்டும் நன்றியுரையில்கூட இடமில்லை. நெறியாளர் பெயர் இருக்கிறது. அவர் வரவே இல்லை.

இலக்கியச் சான்று. மரபுப்படி சங்க நூல்களில் தொடங்க வேண்டும். நெய்தல் திணையில் பிளாஸ்டிக் நாற்காலி இல்லை. ஆகவே அக்காலத்தில் அதை யாரும் பறிமுதல் செய்யவில்லை என்பது உறுதி. இதே முறையில் நிறுவப்பட்ட தொன்மைகள் நம்மிடம் ஏராளம்.

வரலாற்றுச் சான்று. 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர் ஒல்லாந்தருக்கு இங்கே வணிகம் செய்ய இடங்கொடுத்தார். 1613இல் கெல்டிரியா கோட்டையே எழுந்துவிட்டது. பீரங்கி வைக்க மூன்றாண்டு போதும் என்றால், நாற்காலி வைக்க எவ்வளவு காலம்? (காண்க: வறுவல் மடித்த நாளிதழ், மேல்பாதி. கீழ்ப்பாதி எண்ணெயில் சிதைந்துள்ளது.)

சட்டச் சான்று. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகரங்களுக்கானது. பழவேற்காடு கிராம ஊராட்சி. இவ்வியல் முற்றிற்று.

இனி, ஆய்வின் உயிர்நாடியான நாற்கால் கோட்பாடு. ஒரு நாற்காலி நான்கு இடங்களில் நிலத்தைத் தொடுகிறது என்பதை முன்னோர் எவரும் கவனிக்கவில்லை. முன்னங்கால் ஊராட்சியினுடையது. அடுத்தது வருவாய்த் துறையினுடையது: 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அதற்கு பி மெமோ வரும். ஆக்கிரமிப்பு என்று சொல்லும் அந்தத் தாளையே, ‘இத்தனை வருஷமா இங்கதான் இருக்கோம்’ என்பதற்கு ஆதாரமாகப் பெட்டியில் பூட்டி வைப்பது குடிகளின் வழக்கம். மூன்றாங்கால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் ஊன்றியுள்ளது. 2019 அறிவிக்கை சிலவகைக் கடற்கரைகளில், சுற்றுலாவுக்கெனத் தற்காலிக இருக்கைகளை அனுமதிக்கிறது, உயர் ஓதக் கோட்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளி. ஆனால் சென்னையிலிருந்து வந்தவர் காற்று வாங்க நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தால் குற்றவாளி யார்? உட்கார்ந்தவரா, நாற்காலியா, காற்றா? ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் படகுகள் கரையில் நிற்க, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வானத்தைப் பார்த்தபடியே இழுப்பார்கள். அதற்குத் தனி உட்பிரிவு தேவை.

நான்காங்கால் தொல்லியல் துறைக்குரியது. ஒல்லாந்தர் கல்லறை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் முறைப்படுத்தப்பட்ட பகுதி என்பது 2010ஆம் ஆண்டுத் திருத்தம். கட்டுமானம் என்பதில் மேல்நோக்கிய விரிவாக்கமும் பக்கவாட்டு விரிவாக்கமும் அடங்கும். நாற்காலிகளைப் பகலில் பரப்புகிறார்கள்: பக்கவாட்டு விரிவாக்கம். இரவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள்: மேல்நோக்கிய விரிவாக்கம். அடுக்கிய பத்து நாற்காலி எத்தனை மாடி? ஒன்று என்பது வடமரபு. பத்து என்பது தென்மரபு. அடியில் இருப்பது மட்டுமே நாற்காலி, மற்றவை ‘நாற்காலிப் போலி’ என்பது இடைமரபு. (காண்க: மேசைக் காலுக்கு முட்டுக்கொடுத்த தொகுப்பு நூல், பின்னிணைப்பு உ, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு. மேசை ஆடுமென்பதால் பிரித்துப் பார்க்க இயலவில்லை. இதற்கான மறுப்புரை, மறுப்புரையாளரின் மைத்துனரால் மதிப்புரைக்கப்பட்டு, கட்டணம் செலுத்திய அன்றே சர்வதேச ஆய்விதழில் வெளியானது.)

முக்காலி போட்டால் ஒரு துறை குறையுமே என்பர் மாற்றுக் கருத்தினர். எந்தத் துறை என்பதில்தான் வழக்கு.

ஒப்பாய்வுக்கு ஏரிக்குள் இறங்குவோம். தண்ணீரும் பொதுச்சொத்துதான். ஆனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர்கூடிச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பட்டியலில் இல்லாதவருக்குப் பங்கில்லை என்ற குறையும் அதற்கு உண்டு. என்றாலும் நீரின்மேல் எல்லை போட்டவர்களுக்கு மணலின்மேல் போடத் தெரியாதா?

நாற்காலிக்கும் பாடு குலுக்கலாமே என்ற இக்கருதுகோளை மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் விரிவாக எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சார், கொஞ்சம் எந்திரிங்க. சேரை உள்ள போடணும். ஜீப்பு வருது.”